கூடப்போக ஓர் ஆள்

(எல்கடுவ தோட்டக் கோயில் மண்டபத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



கோயில் கமிட்டியார் எனக்குத் தந்த தலைப்பு ‘புற்றுநோய்க்கு முழுமையான, ஒவ்வொருவருக்கும் ஏற்ற சிகிச்சை’. கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரிகள் அச்சடிக்கும் பளபளப்பான பிரசுரங்களில் இந்தச் சொற்கள்தான் இருக்கும். பக்கத்தில் சிரித்த முகத்தோடு ஒரு குடும்பம், வெள்ளைக் கோட்டு போட்ட வைத்தியர், பின்னால் ஓர் இயந்திரம். அதைக் கேலி செய்ய நான் வரவில்லை, எழுதியிருப்பது சரியான விஷயம்தான். ஆனால் அந்தக் குடும்பம் விடிய எத்தனை மணிக்கு எழும்பி, எந்த பஸ்ஸில் ஏறி வந்தது என்று அந்தப் பிரசுரத்தில் இருக்காது. நான் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் பெரும்பகுதி புற்றுநோய் வாட்டில் கழிந்தது. ஆகவே தலைப்பைக் கொழும்பில் விட்டுவிட்டு, எல்கடுவ ரோட்டில் வைத்துப் பார்க்கிறேன்.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் காசு வாங்குவதில்லை. கண்டி தேசிய வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது, கதிர் சிகிச்சையும் இருக்கிறது. வாய், தாடைப் பக்கத்துச் சத்திரசிகிச்சைக்குப் பேராதெனிய பல் வைத்தியசாலை இருக்கிறது. அங்கே முடியாததற்கு மகரகம அபேக்ஷா வைத்தியசாலை இருக்கிறது. பணக்காரனும் அங்கே வருகிறான், லயத்திலிருந்து போகிறவரும் அங்கேதான் போகிறார். 1980இலிருந்து தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் என்று ஒரு தனி அமைப்பே இயங்குகிறது. உலகத்தில் எத்தனையோ நாடுகளில் ஒரு கீமோ ஊசிக்குக் காணி விற்கிறார்கள். நம்மிடம் விற்கக் காணியும் இல்லை, நல்லகாலம் விற்க வேண்டிய தேவையும் இல்லை.

அப்படியானால் நம் ஆட்கள் ஏன் இவ்வளவு பிந்திப் போகிறார்கள்? போனவர்களில் ஏன் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள்? நான் பேச வந்தது இதைத்தான்.

வாயிலிருந்து தொடங்குவோம். இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய். தோட்டத்தில் பெண்களும் வெற்றிலை போடுகிறவர்கள், ஆகவே நமக்கு இரண்டும் சேர்ந்து வருகிறது. வெற்றிலை போடாதீர்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வராது. குளிரில், மழையில், அட்டை கடிக்கும் மலையில், காலை ரொட்டி எப்போதோ செமித்துப்போன பிறகு, கொழுந்து நிறுக்கும்வரை வயிற்றை ஏமாற்ற ஒரு வாய் வெற்றிலை உதவுகிறது. அது எனக்குத் தெரியும். என் அம்மாவின் மடியிலும் அந்தச் சுருக்குப்பை இருந்தது. ஆனால் புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1985இலேயே அறிவித்துவிட்டது. பிறகு புகையிலை இல்லாமல் வெறும் பாக்கும் அதே பட்டியலில் ஏறியது. “நான் பொகையில போடுறதில்லையே மிஸ், வெறும் பாக்குத்தான்” என்று என்னிடம் சொன்னவர்கள் அநேகம். அந்த வெறும் பாக்குத்தான் வாயின் உட்புறத்தை மெல்ல மெல்ல நார்போல் இறுக்குகிறது. 2016 செப்டெம்பரில் மெல்லும் புகையிலை விற்பனையை அரசாங்கம் தடை செய்தது. கடையில் எவ்வளவு தூரம் நின்றிருக்கிறது என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

இப்போது எல்லோரும் கையைத் தூக்குங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, வாயைத் திறந்து, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் நெடுக்காக வையுங்கள். மூன்று விரலும் போகிறதா? வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லோரும்தான் வைத்திருக்கிறீர்கள். போகாதவர்கள், இரண்டு விரலுக்கே சிரமப்படுகிறவர்கள், சம்பல் வாயில் பட்டதும் எரிகிறது என்று சில மாதமாக உறைப்பைத் தள்ளிவைத்திருப்பவர்கள், பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். வாய்க்குள் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், காரணமில்லாமல் ஆடும் பல், இவையும் அப்படித்தான். இதெல்லாம் புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. வருவதற்கு முந்திய படியாக இருக்கலாம். அந்தப் படியில் பிடித்தால் பெரும்பாலும் பெரிய சிகிச்சையே தேவைப்படாது.

இதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. இந்தத் துறையில் நான் வாசித்தவற்றில் இதைப்போல என்னை யோசிக்க வைத்தது வேறில்லை. 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. நம் நாட்டில் இரண்டு பகுதிகளில் 34 சுகாதார ஊழியர்களுக்கு வாயைப் பார்க்கப் பழக்கினார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்லர். வீடு வீடாகப் போகிற, ஊருக்குத் தெரிந்த சாதாரண ஊழியர்கள். 52 வாரத்தில், 20 வயதுக்கு மேற்பட்ட 28,295 பேரின் வாயைப் பார்த்துவிட்டார்கள். சந்தேகமான 1,220 பேருக்குத் துண்டு எழுதிக் கொடுத்துப் பல் வைத்திய நிலையத்துக்குப் போகச் சொன்னார்கள். எத்தனை பேர் போனார்கள் தெரியுமா? 660 பேர். சரி பாதிக்குக் கொஞ்சம் மேலே.

போகாத 560 பேரை நினைத்துப் பாருங்கள். நோய் இருக்கலாம் என்று கண்டுபிடித்தாயிற்று, எழுதிக் கொடுத்தாயிற்று, சிகிச்சை இலவசம். இருந்தும் போகவில்லை. அறியாமை என்று படித்தவர்கள் ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வாட்டில் பிந்தி வந்தவர்களிடம் நான் கேட்ட காரணங்களில் அறியாமை மிகக் குறைவு. நாள் சம்பளம் போகும், பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, புருசன் கொழும்பில் வேலை, போன தடவை போனபோது வேறு நாளில் வரச் சொன்னார்கள், எந்த அறைக்குப் போவதென்று தெரியாமல் திரும்பிவந்தேன். இவைதான் காரணங்கள். கடைசிக் காரணத்தைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடும்.

வழியையும் சொல்லிவிடுகிறேன், நகரத்திலிருந்து இந்த உரையைப் படிக்கப் போகிறவர்களுக்காக. மேல் டிவிசனிலிருந்து ரோட்டுக்கு இறங்க வேண்டும், அல்லது ஓட்டோ பிடிக்க வேண்டும். அங்கிருந்து மாத்தளைக்கு ஒரு பஸ், அல்லது வத்தேகம வழியாகக் கண்டிக்கு. மகரகமவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் கண்டியில் கொழும்பு பஸ் ஏறி, புறக்கோட்டையில் இறங்கி, 138 பஸ் பிடிக்க வேண்டும். கழுத்தில் கட்டோடு, கஞ்சி மட்டுமே இறங்கும் ஆள் இந்தப் பயணத்தைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022இல் பெற்றோல் டீசல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது கிளினிக் தவறவிட்டவர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்தப் பேச்சு முடியாது.

இனி சிகிச்சைக்கு வருவோம். ‘ஒவ்வொருவருக்கும் ஏற்ற சிகிச்சை’ என்பது விளம்பரத்துக்காகச் சொல்வதல்ல என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் இரண்டு அக்காமாருக்கு மார்பில் ஒரே அளவில் கட்டி வந்ததென்று வைப்போம். இருவருக்கும் ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். பயொப்சி என்கிறார்களே, அதுதான். கத்தி பட்டால் பரவிவிடும் என்று பயந்து இதற்கே பலர் ஒத்துக்கொள்வதில்லை. அப்படிப் பரவுவதில்லை, சதை பார்க்காமல் எந்த வைத்தியராலும் மருந்தைத் தீர்மானிக்க முடியாது. அந்தச் சதையில் பெண்களுக்கான சுரப்புநீரை உறிஞ்சி வளரும் தன்மை இருக்கிறதா, ஹெர் 2 என்ற புரதம் அதிகமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முதலாம் அக்காவுக்குச் சுரப்புநீர்த் தன்மை இருந்தால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு டமொக்சிஃபென் போன்ற குளிசையை ஐந்து வருசமோ அதற்கு மேலோ தினம் ஒன்று போடச் சொல்லலாம். இரண்டாம் அக்காவுக்கு அந்தத் தன்மை இல்லையென்றால் அந்தக் குளிசை வேலையே செய்யாது. அவருக்கு ஹெர் 2 இருந்தால் டிராஸ்டுசுமாப் என்ற ஊசி. அந்த மருந்து 1998இல்தான் அமெரிக்காவில் பாவனைக்கு வந்தது. அதற்கு முன் இந்த வகை என்றாலே வைத்தியர்கள் முகம் வாடும்.

ஆகவே “பக்கத்து வீட்டு அக்காவுக்குக் குடுத்த குளிசையையே எனக்கும் குடுங்க” என்று கேட்கக் கூடாது. அவருக்கு முடி கொட்டியது எனக்குக் கொட்டவில்லை, ஆகவே எனக்குச் சரியான மருந்து தரவில்லை என்று மனம் குமையவும் கூடாது. ஐந்து வருசக் குளிசை என்றால் ஐந்து வருசம்தான். இரண்டு வருசத்தில் ‘நல்லா இருக்கேனே’ என்று நிறுத்தியவர்களை நான் திரும்ப வாட்டில் கண்டிருக்கிறேன்.

வாய்ப் புற்றுநோய்க்கு வழி வேறு. பெரும்பாலும் முதலில் சத்திரசிகிச்சை, பிறகு தேவைப்பட்டால் கதிர் சிகிச்சை. கதிர் தொடங்குமுன் கெட்டுப்போன பற்களைப் பிடுங்கச் சொல்வார்கள். “பல்லுக்கும் கேன்சருக்கும் என்ன சம்பந்தம், பிறகு பிடுங்கிக்கலாம்” என்று தட்டிக்கழிப்பார்கள் நம்மவர்கள். கதிர்பட்ட தாடையெலும்புக்கு இரத்த ஓட்டம் குறைந்துவிடும். பிறகு பல் பிடுங்கினால் அந்தக் குழி ஆறாது, எலும்பே செத்துப்போகலாம். அடுத்ததாக ஒரு நாள் முகத்துக்கு அச்சு எடுப்பார்கள். சுடுநீரில் இளகிய வலைபோன்ற பிளாஸ்டிக் தகட்டை முகத்தின் மேல் வைத்து அழுத்துவார்கள், சில நிமிசத்தில் அது இறுகி முகத்தின் வார்ப்பாகிவிடும். தினமும் அந்த முகமூடியை மாட்டி மேசையோடு பூட்டித்தான் கதிர் கொடுப்பார்கள், அசையாமலிருக்க. மூச்சு விடலாம், வலிக்காது. ஆனால் யாரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் அந்த மேசையில் எழும் பயம் சாதாரணப் பயமல்ல. முகமூடி நாளோடு சிகிச்சையை விட்டு ஓடிப்போன ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். மூன்று தலைமுறை கவ்வாத்து வெட்டிய குடும்பம், கத்திக்குப் பயப்படாத மனிதர். அவருக்குத் தமிழில் ஐந்து நிமிசம் விளக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

கதிர் என்றால் திங்கள் முதல் வெள்ளிவரை, ஆறேழு வாரம். முப்பது, முப்பத்தைந்து தடவை. இரண்டாம் மூன்றாம் வாரத்திலிருந்து வாய் புண்ணாகும், உமிழ்நீர் வற்றும், ருசி போகும். அப்போதுதான் “இத்தோட போதும்” என்ற எண்ணம் வரும். அந்த நேரத்தில் தொடர்ந்து நாட்கள் தவறினால் சிகிச்சையின் பலன் குறையும். மெல்ல முடியாத ஆளுக்குக் கஞ்சியில் பருப்பும் முட்டையும் கரைத்துக் கொடுக்க ஒருவர் வேண்டும். மூக்கு வழியாகக் குழாய் போட்டால் அதில் பால் ஊற்றப் பழக ஒருவர் வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு வாயைத் திறக்கும் பயிற்சியைத் தினமும் செய்ய வைக்க ஒருவர் வேண்டும். வைத்தியர், தாதி, பேச்சுப் பயிற்சியாளர், போசணை ஆலோசகர், சமூக சேவை உத்தியோகத்தர் எல்லோரும் சேர்ந்ததுதான் முழுமையான சிகிச்சை என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடுகிறார்கள்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம், கவனமாகக் கேளுங்கள். கீமோ ஊசி போட்டு ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள் உடம்பில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும். அந்த நேரம் காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் அல்ல. 38 பாகையைத் தொட்டால் பெனடோல் கொடுத்துப் போர்த்திப் படுக்கவைத்து விடியட்டும் பார்ப்போம் என்றிருக்கக் கூடாது. அந்த விடியலுக்குள் இரத்தத்தில் கிருமி ஏறிவிடலாம். இரவானாலும் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வந்தவர்களிடம் முதல் வசனமாக “கீமோ போட்ட ஆள்” என்று சொல்லுங்கள், கிளினிக் கொப்பியைக் கையில் கொடுங்கள். கீமோ எடுப்பவர் உள்ள வீட்டில் ஓர் உஷ்ணமானி இருக்க வேண்டும். அதன் விலை ஒரு வெற்றிலைக் கட்டின் விலையைவிட அதிகம்தான், வாங்கித்தான் ஆக வேண்டும்.

கிளினிக் கொப்பி என்றேன். அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு தடவை ஓர் அம்மாவின் கொப்பியைப் பார்த்தேன். அட்டை கிழிந்து, தையல் நூலால் கட்டி, சொப்பின் பைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். உள்ளே மருந்துகள் ஆங்கிலத்தில், அடுத்து வர வேண்டிய நாள் சிங்களத்தில், ஸ்கேன் எடுக்கப் போக வேண்டிய இடம் ஒரு சின்னத் துண்டில், முத்திரையோடு. அந்தத் துண்டு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்காக அப்படியே இருந்தது. யாரும் அவரைத் திட்டவில்லை, யாரும் ஏமாற்றவுமில்லை. வேலைக்கு நடுவில் எழுதிக் கொடுத்த தாதிக்கு அவர் வாசிப்பார் என்ற நம்பிக்கை. அவருக்கு, முக்கியமென்றால் வாய்விட்டுச் சொல்லியிருப்பார்களே என்ற நம்பிக்கை. 1987இல் தமிழும் அரச கரும மொழியானது, சட்டப் புத்தகத்தில் அழகாக இருக்கிறது. நான் வேலை செய்த இடங்களில் தமிழ் தெரிந்த ஒரே தாதி விடுமுறை எடுத்தால் அன்று தமிழுக்கும் விடுமுறை.

நோயாளிக்கே நோயைச் சொல்லாமல் மறைக்கும் வழக்கத்தையும் தொட வேண்டும். “அம்மாவுக்குச் சொல்லிடாதீங்க மிஸ், தாங்க மாட்டாங்க” என்று மகன் வாசலில் நின்று கெஞ்சுவார். பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் தனக்கு என்ன நோய் என்று தெரியாத அம்மா ஆறேழு வாரம் முகமூடி போட்டுப் படுக்க எதற்காகச் சம்மதிப்பார்? வயிற்றுவலி என்று சொல்லி அழைத்து வந்தவரைக் கீமோ நாற்காலியில் உட்கார வைத்தால் மூன்றாம் தடவை அவர் வரமாட்டார். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. கேட்பதற்குப் பதில் சொன்னால் போதும், பொய் சொல்லாமல் இருந்தால் போதும். பல அம்மாமார் எல்லாம் தெரிந்துகொண்டு, பிள்ளைகள் மனம் உடைவார்களென்று தெரியாததுபோல் நடிக்கிறார்கள். இரண்டு பக்கமும் நாடகம்.

நோயாளிக்கும் சிகிச்சைக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளி நமக்கு மட்டும் உரியதல்ல. நியூயோர்க் நகரத்தில் ஹார்லெம் என்று ஏழைக் கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த பகுதி. அங்கே ஹரோல்ட் ஃபிரீமன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், தன்னிடம் மார்பகப் புற்றுநோயோடு வரும் பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கைமீறிய நிலையில் வருவதைக் கண்டார். 1990இல் அவர் ஒரு காரியம் செய்தார். நோயாளிக்கு ஒரு வழித்துணையைக் கூட வைத்தார். அந்த வட்டாரத்து மக்களை அறிந்த ஆள், சந்தேகமான கட்டி கண்ட நாளிலிருந்து சிகிச்சை முடியும்வரை கூடவே இருந்து படிவம் நிரப்பி, திகதி வாங்கி, வராவிட்டால் தேடிப்போவார். அத்தோடு குறைந்த செலவில் பரிசோதனையும் ஏற்பாடு செய்தார்கள். அதற்கு முந்திய காலத்தில் ஐந்து வருசம் உயிர்வாழ்ந்தவர்கள் 100க்கு 39 பேர். பிந்திய காலத்தில் 70 பேர். புது மருந்துகளுக்கும் இதில் பங்குண்டு, நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் வாசலுக்கே வராதவருக்கு எந்தப் புது மருந்தும் போய்ச் சேராது.

நம்மவர்களும் செய்திருக்கிறார்கள். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் சென்னை அடையாறில் 12 கட்டிலோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அடுத்த வருசம் அங்கே வேலைக்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் கண்மூடும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. நம் நாட்டிலேயே 2011இல், தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறைவரை 670 கிலோமீட்டரை 27 நாளில் நடந்து, சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று எல்லோரிடமும் காசு சேர்த்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்ட வழிசெய்தார்கள். அதுவரை யாழ்ப்பாணத்து நோயாளிகள் மகரகமவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். போர் முடிந்து இரண்டே வருசத்தில் நடந்தது அது.

எனக்கு மிகவும் பிடித்தது கேரளத்துக் கதை. 1993இல் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் வலிநிவாரணக் கிளினிக் ஒன்றைத் தொடங்கினார்கள். நோயாளி பஸ் ஏறி வர முடியாத கட்டத்தில்தான் வலி அதிகம் என்பது சீக்கிரமே புரிந்தது. பிறகு மலப்புறம் பக்கத்தில் ஊர்க்காரர்களே சிறு சிறு தொகையாகச் சேர்த்து, வீட்டுக்கு வீடு போகப் பழகி, தாதியையும் அமர்த்திக்கொண்டார்கள். கடைக்காரர், ஆசிரியர், ஓட்டோ ஓட்டுபவர், இவர்கள்தான் அதை நடத்தினார்கள். 2008இல் கேரள அரசாங்கமே அதைக் கொள்கையாக எடுத்துக்கொண்டது. வாயால் குடிக்கும் மோர்ஃபின் விலை குறைந்த மருந்து. அளவோடு, வைத்தியர் சொன்ன நேரத்துக்குக் கொடுத்தால் கடைசி மாதங்களைப் பெரும்பாலும் வலியில்லாமல் கழிக்கலாம். அது போதைப் பழக்கமாகிவிடும் என்று பயந்து, வலியில் கத்துகிறவருக்கு அதைப் பூட்டி வைத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்குங்கள். மற்றபடி பயப்பட வேண்டாம்.

இதையெல்லாம் எல்கடுவயில் யார் செய்வது? ஆள் தேடி வெளியே போக வேண்டாம் என்பது என் கட்சி. தோட்டத்துக்குத் தோட்டம் மரண உதவிச் சங்கம் இருக்கிறது. மாதா மாதம் சந்தா கட்டுகிறீர்கள். ஒரு சாவு விழுந்தால் அரை மணித்தியாலத்தில் கூடாரம் வருகிறது, கதிரை வருகிறது, குழி வெட்டப் போகிறவர் யார், தேத்தண்ணி போடுகிறவர் யார் என்று முறை பிரிகிறது. கணக்குக் கொப்பி இருக்கிறது, தனாதிகாரி இருக்கிறார், யாரும் அசட்டை செய்யாத ஒழுங்கு இருக்கிறது. அரசாங்கத்தின் எந்தத் திணைக்களமும் இந்த வேகத்தில் வேலை செய்து நான் பார்த்ததில்லை. செத்த பிறகு இவ்வளவு அருமையாகச் செய்கிற சங்கம், அதில் ஒரு பங்கை ஆள் உயிரோடு இருக்கும்போது செலவழித்தால் என்ன?

நான் கேட்பது பெரிய தொகை அல்ல. கதிர் சிகிச்சையின் முப்பத்தைந்து நாளும் நோயாளியோடு கூடப்போக வேண்டியதில்லை. ஆள் கட்டாயம் தேவைப்படும் நாட்கள் சில. முதல் கிளினிக், பயொப்சி முடிவு சொல்லும் நாள், வைத்தியர்கள் சேர்ந்து என்ன சிகிச்சை என்று தீர்மானிக்கும் நாள், அச்சு எடுக்கும் நாள், முதல் கீமோ, சிகிச்சை முடிந்த பின் முதல் பார்வை. அந்த நாட்களில் சிங்களம் பேசவும் எழுத்து வாசிக்கவும் தெரிந்த ஒருவர் கூடப்போக வேண்டும். ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் தங்கைமார் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். கூடப்போகிறவருக்குச் சங்கம் ஒரு நாள் பேரும், அதாவது தோட்டத்து ஒரு நாள் சம்பளமும், பஸ் காசும் கொடுக்க வேண்டும். அந்த நாள் சம்பளம் 2021இல் 1000 ரூபாவானது, 2024இல் 1350 ஆனது, இனியும் மாறும். ஆகவே ரூபாக் கணக்கு எழுதாமல் ‘ஒரு பேர்’ என்றே எழுதிக்கொள்ளுங்கள். இலவசமாகச் செய்யச் சொல்லாதீர்கள். இலவசச் சேவை இரண்டாம் தடவையோடு ஓய்ந்துவிடும்.

கூடப்போகிறவர் செய்ய வேண்டிய வேறு வேலைகளும் உண்டு. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பார்த்து நோயாளிக்கு என்ன உதவி கிடைக்கும் என்று கேட்க வேண்டும். ஜனாதிபதி நிதியத்துக்கு 2025 முதல் பிரதேச செயலகம் வழியாகவே விண்ணப்பிக்கலாம், கொழும்புக்கு அலையத் தேவையில்லை. 35 வயதான அக்காமாரைச் சுகவனிதையர் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும். 1996இலிருந்து நடக்கிறது, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு அங்கே பரிசோதனை செய்கிறார்கள், பெரிய வலி இல்லை. ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையில் 2017 முதல் அதே நோய்க்கு எதிரான எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள். கடிதம் வந்தால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடமும் இவர் பேசலாம்.

சங்கத்து யாப்பில் இதற்கு இடமில்லை என்று தனாதிகாரி அண்ணன் யோசிப்பது முகத்திலேயே தெரிகிறது. யாப்பு எழுதியது நாம்தானே, பொதுக்கூட்டத்தில் ஒரு பிரேரணை போதும். நான் ஒன்றை எழுதியே கொண்டு வந்திருக்கிறேன், வாசிக்கிறேன், பிழையிருந்தால் திருத்துங்கள்: “சங்க அங்கத்தவரோ அவர் குடும்பத்தவரோ புற்றுநோய்ச் சந்தேகத்தின் பேரில் வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டால், சங்கம் நியமிக்கும் ஒருவர் ஆறு நாட்களுக்குக் குறையாமல் அவரோடு கூடப்போவார், கூடப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பேர்ச் சம்பளமும் இருவருக்குமான பஸ் கட்டணமும் மரண உதவி நிதியிலிருந்து வழங்கப்படும், நோயாளியின் அடுத்த கிளினிக் நாளைச் சங்கச் செயலாளர் தனிக் கொப்பியில் குறித்துவைப்பார், தவறினால் அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போய் விசாரிப்பார்.” முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும். நான் உங்கள் சங்கத்து அங்கத்தவள் இல்லை, ஆகவே என்னால் முன்மொழிய முடியாது.